டேஷ்போர்டுக்குள்ள எதுக்குங்க சீரியல் செட்டு?

மொதல்லயே சொல்லிடறேன். நான் எல்இடிக்கு எதிரி இல்லை. எங்க வீட்டுல சமையக்கட்டுலேர்ந்து பூஜை ரூம் வரைக்கும் எல்இடிதான். பழைய காரைத் தன் கையாலயே பிரிச்சு மேயறவங்களுக்கும் எதிரி இல்லை. நானே அந்தக் கட்சிதான். அதனால "பெரிசு ஒண்ணு புலம்ப ஆரம்பிச்சுடுச்சு"ன்னு பாதியில ஓடிடாதீங்க.

என் சண்டை ஒரே ஒரு விஷயத்தோடதான். பழைய கார் டேஷ்போர்டுல பல்பு மாத்தறேன் பேர்வழின்னு நாம உள்ள கொண்டாந்து வைக்கிறோமே, கண்ணைப் பறிக்கிற நீல வெளிச்சம், அதோட. இந்த விஷயத்துல முதல் குற்றவாளி அடியேன்தான். அதனால வாக்குமூலத்துலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

என்கிட்ட இருக்கறது 2001 மாடல் மாருதி 800. அப்பா வாங்கினது. மீனம்பாக்கம் ஆர்டிஓ, டிஎன் 22. எங்க தெருவுல அதைக் கார்னு யாரும் சொல்றதில்லை, "எண்ணூறு"ன்னுதான் சொல்வாங்க. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்த வண்டி, 2014 ஜனவரியோட தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ஆனா கீழ்க்கட்டளை சந்து பொந்துக்கு அதை விட்டா வேற வண்டி கிடையாதுன்னு நான் இன்னும் விடாப்பிடியா வெச்சிருக்கேன்.

ஒரு நாள் மீட்டர் போர்டுல ரெண்டு பல்பு போயிடுச்சு. ஸ்பீடோமீட்டர்ல அறுபதுக்கு மேல இருட்டு. "அறுபதுக்கு மேல எப்படியும் போகப் போறதில்லையே, விடு"ன்னு அப்பா சொன்னார். கேட்டேனா? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல கார் சாமான் விக்கிற ஒரு கடைக்குப் போனேன். சொருகற மாடல் சின்ன பல்பு ரெண்டு குடுங்கன்னு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் பல்பா சார்? எல்இடி போடுங்க. ப்ளூ போடுங்க. பழைய வண்டின்னே தெரியாது."

பழைய வண்டின்னே தெரியாது! இந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். பத்து நீல எல்இடி, 250 ரூபாய். பல்பு வாங்கியிருந்தா அதுல கால்வாசி கூட ஆகியிருக்காது.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசல்லயே வேலை. பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டி வெச்சேன் (இதை யாரும் தாண்டிப் போயிடாதீங்க, வயர் எங்கயாவது உரசினா ஃபியூஸோட போகாது). மீட்டர் மேல இருக்கற பிளாஸ்டிக் கூடாரத்தோட ஸ்க்ரூ, அப்புறம் மீட்டர் செட்டோட ஸ்க்ரூ, பின்னாடி கையை விட்டு ஸ்பீடோமீட்டர் கேபிள். மீட்டர் கையோட வந்துடுச்சு. முதுகுப் பக்கம் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, அதுல தாமிரக் கோடு. அந்தக் கோட்டு மேல உக்கார்ற ஹோல்டரைக் கால் சுத்து திருப்பினா பல்பு கையில. இருபது வருஷத்துக்கு மேல எரிஞ்சு எரிஞ்சு ஹோல்டரெல்லாம் அப்பளம் மாதிரி ஆகியிருந்துச்சு. அப்பா பக்கத்துல சேர் போட்டு உக்காந்து, நான் குடுத்த ஸ்க்ரூவையெல்லாம் ஒரு டப்பா மூடியில போட்டு வெச்சுக்கிட்டார். ரெண்டு எல்இடி எரியலை. எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு, திருப்பிச் சொருகினேன், எரிஞ்சுது. மொத்தம் ஒரு மணி நேர வேலை.

ராத்திரி ஆச்சு. சாவியைத் திருப்பினேன். ஆஹா! எண்ணூறு எங்க, ஏரோப்பிளேன் எங்க! ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். "செம", "கெத்து", "எவ்ளோ ஆச்சு தல"ன்னு ஒரே அமர்க்களம்.

பத்து நாள் கழிச்சு அப்பாவை தாம்பரம் ஸ்டேஷன்லேர்ந்து ராத்திரி கூட்டிட்டு வந்தேன். பல்லாவரம் தாண்டறதுக்குள்ள அவர் சொன்னார்: "என்னடா இது, ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. ரோடு எங்கடா?"

அப்பாவுக்குக் கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் அப்படித் தெரியுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அடுத்த மாசம், மழை விட்ட ஒரு ராத்திரி. மேடவாக்கத்துலேர்ந்து கோவிலம்பாக்கம், ஈச்சங்காடு வழியா வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன். மெட்ரோ வேலைக்காகத் தகரம் வெச்சு அடைச்சதுல மெயின் ரோடு ஒட்டடைக்குச்சி மாதிரி ஆகியிருந்துச்சு. நெரிசலுக்குப் பயந்து ஏரிப் பக்கம் உள் ரோட்டுல திரும்பினேன். அங்க ஒரு இருட்டான இடத்துல பிரைட் போட்டேன். திரும்ப டிம் பண்ணலை. பண்ணலைங்கறதே எனக்குத் தெரியாது.

எதிர்ல ஒரு ஸ்கூட்டி. ஒரு அம்மா, பின்னாடி ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, ட்யூஷன் முடிஞ்சு வந்திருக்கும். ஸ்கூட்டி லைட்டு ரெண்டு மூணு தடவை மேலயும் கீழயும் மின்னுச்சு. ஏதோ பள்ளத்துல ஏறி இறங்குதுன்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் வண்டி ரோட்டோரச் சரளையில இறங்கி சரிஞ்சு விழுந்துச்சு.

வண்டியை நிறுத்திட்டு ஓடினேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்லை, டிபன் பாக்ஸ் மட்டும் உருண்டு போயிருந்துச்சு. அம்மாவுக்கு முட்டி கிழிஞ்சு ரத்தம். அவங்க கத்தலை, திட்டலை. "ஏங்கண்ணா, எத்தனை தடவை டிம் அடிச்சுக் காட்டினேன்... கண்ணே தெரியலையே எனக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க.

"நான் பிரைட்ல வரலையேம்மா." இதான் என் வாயிலேர்ந்து வந்த பதில். பொய் சொல்லலை. நிஜமாவே அப்படித்தான் நம்பினேன். திரும்பிப் போய் டேஷ்போர்டைப் பார்த்தேன். எல்லாம் நீலம். அந்த நீலத்துக்கு நடுவுல, மூஞ்சியைக் கிட்ட கொண்டு போய்ப் பார்த்தாத்தான், பிரைட்டுக்கான சின்ன நீல விளக்கு மங்கலா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான் மாத்தின பத்து எல்இடி சேர்ந்து அந்த ஒத்தை விளக்கை முழுங்கிடுச்சு.

பக்கத்து க்ளினிக்ல கட்டுப் போட்டு, டிடி ஊசி போட்டு, ரெண்டு பேரையும் வீட்டுல விட்டுட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

கலர்னா சும்மா அலங்காரமா?

டேஷ்போர்டுல நிறம்ங்கறது ஒரு மொழி. சிவப்புன்னா ஆபத்து, நிறுத்து. மஞ்சள்னா கவனி. பச்சைன்னா ஏதோ ஒண்ணு சரியா வேலை செய்யுது, இண்டிகேட்டர் மாதிரி. நீலம்? நீலம்னா பிரைட். உலகம் பூரா கார் கம்பெனிகள் இந்த ஒழுங்கைத்தான் வெச்சிருக்காங்க. ஜப்பான் காரா இருந்தாலும் சரி, ஜெர்மன் காரா இருந்தாலும் சரி, குர்கான்ல செஞ்ச எண்ணூறா இருந்தாலும் சரி.

ஏன்னு யோசிங்க. மத்த விளக்கெல்லாம் உங்களுக்கு வர்ற ஆபத்தைச் சொல்லுது. ஆயில் போச்சு, சூடு ஏறிடுச்சு, பிரேக் போச்சு. நீல விளக்கு மட்டும்தான் உங்களால அடுத்தவனுக்கு வர்ற ஆபத்தைச் சொல்லுது. முழு டேஷ்போர்டையும் நீலமாக்கறது, ஊரே சைரன் ஊதிக்கிட்டிருக்கற இடத்துல ஆம்புலன்ஸ் விட்ட மாதிரி.

வெள்ளை எல்இடி போட்டா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. அதுல வேற வில்லங்கம். வெள்ளை எல்இடிங்கறது உண்மையில நீல எல்இடிதான், மேல மஞ்சளா ஒளிர்ற பூச்சு பூசியிருக்கும். அதுல சிவப்பு கம்மி. பழைய குண்டு பல்புல சிவப்பு தாராளம். உங்க ஆயில் விளக்குக்கு முன்னாடி இருக்கற சிவப்பு பிளாஸ்டிக் குண்டு பல்பை நம்பிச் செஞ்சது. அதுக்குப் பின்னாடி வெள்ளை எல்இடியைச் சொருகினா, ரத்தச் சிவப்பா எரிய வேண்டியது ரோஸ் மில்க் கலர்ல எரியும். எச்சரிக்கை விளக்கு ரோஸ் மில்க் கலர்ல எரிஞ்சா எவன் பயப்படுவான்?

உள்ள வெளிச்சம், வெளிய இருட்டு

இதுதான் என் பதிவோட சாரம். நேரம் இல்லாதவங்க இதை மட்டும் படிச்சாக்கூடப் போதும்.

டேஷ்போர்டு விளக்கு டேஷ்போர்டைப் பார்க்கறதுக்காக இல்லை. ஒரு நொடி மீட்டரைப் பார்த்துட்டு கண்ணு ரோட்டுக்குத் திரும்பினதும் ரோடு தெரியணும். அதுக்காகத்தான் அது அவ்வளவு மங்கலா வெச்சிருக்கு. நாம அதைக் கஞ்சத்தனம்னு நினைச்சுக்கிட்டோம்.

கண்ணுக்குள்ள இருட்டுல வேலை பார்க்கறதுக்குன்னே தனி செல்கள் இருக்கு. வெளிச்சத்துலேர்ந்து இருட்டுக்கு வந்தா அதுங்க முழுசா முழிச்சுக்க இருபதுலேர்ந்து முப்பது நிமிஷம் ஆகும். பவர் கட் ஆனதும் ஒண்ணுமே தெரியாம, கொஞ்ச நேரம் கழிச்சு கட்டில், பீரோவெல்லாம் தெரிய ஆரம்பிக்குமே, அதான். இந்தச் செல்கள் ரொம்ப உணர்ச்சியோட இருக்கறது 500 நானோமீட்டர் பக்கம், நீலப்பச்சை வெளிச்சத்துல. நம்ம நீல எல்இடி 470 பக்கம். கிட்டத்தட்ட கண்ணோட இருட்டுப் பார்வைக்குக் குறி வெச்சு அடிக்கிற மாதிரி. சிவப்புக்கு அந்தச் செல்கள் அவ்வளவா அசையாது. சாயங்காலம் மங்கும்போது சிவப்புப் பூ கறுத்துப் போயி, நீலப் பூ மட்டும் பளிச்சுனு தெரியறதை 1819லயே புர்கின்யே என்கிற விஞ்ஞானி கவனிச்சுச் சொல்லிட்டார். பழைய போர்க்கப்பல், விமானங்கள்ல எல்லாம் ராத்திரிக்குச் சிவப்பு விளக்கு வெச்சது சும்மா இல்லை.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். கார் ஓட்டும்போது முழு இருட்டு கிடையாது. நம்ம ஹெட்லைட்டு, எதிர்ல வர்றவன் ஹெட்லைட்டு, கடை போர்டு எல்லாம் இருக்கு. நீர்மூழ்கிக் கப்பல் கணக்கை அப்படியே நம்ம 200 அடி ரோட்டுக்குப் போட முடியாது. அதனால கலரை விட முக்கியம், எவ்வளவு வெளிச்சம்ங்கறதுதான். கலர் ரெண்டாவது.

வயசானவங்களுக்கு இது இன்னும் மோசம். அறுபது வயசுக் கண்ணுல, இருபது வயசுக் கண்ணுக்குப் போற வெளிச்சத்துல சுமார் மூணுல ஒரு பங்குதான் உள்ள போகும். புரை இருந்தா உள்ள போற வெளிச்சமும் சிதறி ஒரு வெள்ளைப் படுதா மாதிரி முன்னாடி நிக்கும். அப்பா சொன்ன ஐஸ் பெட்டி அதுதான். அவர் கண்ணுல கோளாறுன்னு நான் ஒதுக்கினேனே, உண்மையில அந்த வண்டியில அன்னிக்கு ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே எச்சரிக்கை விளக்கு அவர்தான்.

இதோட அடுத்த கட்டத்தைப் பாருங்க. உள்ள பளீர்னு இருக்கறதால ரோடு மங்கலாத் தெரியும். ரோடு மங்கலாத் தெரியுதேன்னு ஹெட்லைட்டைக் குறை சொல்வோம். அதுக்கும் ஒரு பளீர் எல்இடி வாங்கி மாட்டுவோம். குண்டு பல்புக்காகச் செஞ்ச ரிஃப்ளெக்டர்ல அதைச் சொருகினா வெளிச்சம் ரோட்டுல விழாது, எதிர்ல வர்றவன் மூஞ்சியில விழும். அவன் பார்ப்பான், "இவன் மட்டும்தான் அடிப்பானா"ன்னு அவனும் ஒண்ணு மாட்டுவான். ரேடியல் ரோட்டுல ராத்திரி ஒன்பது மணிக்கு நின்னு பார்த்தீங்கன்னா இந்தப் போட்டி எங்க வந்து நிக்குதுன்னு புரியும்.

நீலத்து மேல ஏன் இவ்வளவு மோகம்?

சிவப்பு எல்இடி 1962லயே வந்தாச்சு. பச்சை, மஞ்சள் பின்னாலயே வந்துடுச்சு. நீலம் மட்டும் முப்பது வருஷம் தண்ணி காட்டுச்சு. நல்ல வெளிச்சமான நீல எல்இடியை ஜப்பான்ல நகமுரா 1993ல கொண்டாந்தார். அதுக்காக அவருக்கும் அகசாகி, அமானோவுக்கும் 2014ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க. அரிதா இருந்ததால நீலம்னாலே லேட்டஸ்ட், காஸ்ட்லிங்கற ஒரு எண்ணம் ஒட்டிக்கிச்சு. செட்டாப் பாக்ஸ்லேர்ந்து பல் தேய்க்கிற பிரஷ் வரைக்கும் நீல விளக்கு. இப்ப நீல எல்இடி கடலை மிட்டாய் விலைக்குக் கிடைக்குது, ஆனா கெத்து மட்டும் இன்னும் இறங்கலை.

அந்த நோபல் எதுக்குக் குடுத்தாங்க? நீலத்துலேர்ந்து வெள்ளை வெளிச்சம் வந்துச்சு, கம்மி கரண்டுல வீடு வீடா விளக்கு எரியலாம்னு. எண்ணூறு டேஷ்போர்டை டிஸ்கோத்தே ஆக்கறதுக்கு இல்லை.

வழக்கமா வர்ற வாதங்கள்

"கம்பெனிக்காரனே நீலம் குடுத்தானே?" குடுத்தான். வோக்ஸ்வேகன் 1990கள் கடைசியில நீல டேஷ்போர்டு போட்டான். ஆனா முள்ளு சிவப்பு, வெளிச்சத்தைக் குறைக்கத் திருகு. பின்னாடி வந்த மாடல்கள்ல அவனே வெள்ளைக்கு மாறிட்டான். பிஎம்டபிள்யூ ரொம்ப காலம் ஆரஞ்சுலயே நின்னான். ஸ்வீடன்ல சாப்னு ஒரு கம்பெனி, ஏரோப்பிளேனும் செஞ்ச குடும்பம், 1990கள்லயே கார்ல ஒரு பட்டன் வெச்சான். அதை அமுக்கினா ஸ்பீடோமீட்டரைத் தவிர மத்ததெல்லாம் அணைஞ்சுடும். விமானம் செஞ்சவன் வெளிச்சத்தைக் குறைச்சான். நாம "விமானம் மாதிரி இருக்கு"ன்னு வெளிச்சத்தைக் கூட்டறோம்!

"கரண்ட் மிச்சம்." கணக்குப் போடுவோம். 3.4 வாட் பல்பு அஞ்சு, மொத்தம் 17 வாட். அதை எல்இடி ஆக்கினா ஒண்ணரை வாட். மிச்சம் பதினஞ்சரை. ஒரு ஹெட்லைட்டே 55 வாட் சாப்பிடுது. இதுல மிச்சம் பிடிச்சு வீடு கட்டப் போறதில்லை. எல்இடியோட நிஜமான லாபம் வேற: சூடு கம்மி, ஹோல்டர் கருகாது, வருஷக்கணக்கா மீட்டரைத் திரும்பக் கழட்ட வேண்டாம். கேபிளையும் அந்த மெல்லிசு ஷீட்டையும் அடிக்கடி தொடாம இருக்கறதே பழைய வண்டிக்குப் பெரிய புண்ணியம்.

"வெளிச்சம் ஜாஸ்தின்னா டிம்மர் திருகிக் குறைச்சுக்கலாமே?" பழைய வண்டித் திருகு வெறும் கம்பி சுத்தின ரெசிஸ்டர். அஞ்சு பல்பு ஒண்ணரை ஆம்பியர் கிட்ட இழுக்கும்போது அது வேலை செய்யும். அஞ்சு எல்இடி சேர்ந்து 0.1 ஆம்பியர்தான் இழுக்கும். திருகு பத்து ஓம்னு வெச்சாலும் குறையறது ஒரே ஒரு வோல்ட். திருகிக்கிட்டே இருக்கலாம், வெளிச்சம் அசையாது.

"என் கார், என் காசு, என் இஷ்டம்." இந்த வாதத்துக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. அந்த அம்மாவோட முட்டியைக் காட்டத்தான் தெரியும்.

இன்னொரு கோஷ்டி எதிர்ப்பக்கம் இருக்கு. "இதெல்லாம் வீட்டுல செய்யக் கூடாது, மீட்டர் செட்டையே புதுசா மாத்திடுங்க"ன்னு சொல்றவங்க. அவங்களோடயும் எனக்கு ஒத்துவராது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஞாயித்துக்கிழமை. இது நம்மளால முடியும். ஆனா கை வெக்கறவனுக்கு அந்த விளக்கு எதுக்கு அங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியலை. அதான் தப்பு.

தொடக் கூடாத விளக்கு

இதை மட்டும் தனியா எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. பல பழைய வண்டிகள்ல அது வெறும் விளக்கு இல்லை. சாவியைத் திருப்பினதும் அந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகும். அந்தக் கரண்ட்தான் உள்ள காந்தத்தை உண்டாக்கி, "எழுந்திரு, சார்ஜ் பண்ணு"ன்னு தட்டி எழுப்பும். எல்இடி போட்டா அந்த வழியில போற கரண்ட் சொட்டு மருந்து மாதிரி ஆயிடும். ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது, இல்லை ஆக்ஸிலரேட்டரை உறுமினாத்தான் எழுந்திருக்கும்.

மூவரசம்பட்டுல தெரிஞ்சவர் ஒருத்தரோட அம்பாசடர்ல இப்படித்தான் எல்லா விளக்கையும் எல்இடியா மாத்தினார். மூணாம் நாள் பேட்டரி படுத்துக்கிச்சு. புது பேட்டரி வாங்கினார். அதுவும் படுத்துக்கிச்சு. கடைசியில ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, எல்இடியைப் பிடுங்கிட்டு பத்து ரூபா பல்பைச் சொருகினார். வண்டி சரியாயிடுச்சு.

அதே மாதிரி இடது வலது ரெண்டுக்கும் ஒரே ஒரு பச்சை இண்டிகேட்டர் விளக்கு இருக்கற பழைய வண்டிகள்ல, கரண்ட் ஒரு தடவை இந்தப் பக்கமாவும் மறு தடவை அந்தப் பக்கமாவும் ஓடும். எல்இடி ஒரு வழிப்பாதை. ஒரு பக்கம் எரியும், இன்னொரு பக்கம் எரியாது. அங்கயும் பல்பையே விட்டுடுங்க.

திரும்ப என்ன செஞ்சேன்?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில ஒரு உடைஞ்ச மீட்டர் செட்டு வாங்கினேன், ஹோல்டருக்காக. ரிச்சி ஸ்ட்ரீட்ல சாதா அம்பர் எல்இடியும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட், எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம் 12. அதை 2200 ஆல வகுத்தா அஞ்சு மில்லி ஆம்பியர் சொச்சம். எல்இடியோட முழு சக்தி இருபது, நான் குடுத்தது அதுல கால்வாசி. எல்இடி மண்டையை உப்புத்தாள்ல லேசாத் தேய்ச்சேன். ஏன்னா பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் விடும், எல்இடி டார்ச் மாதிரி ஒரே பக்கம் அடிக்கும். தேய்ச்சா வெளிச்சம் பரவும், மீட்டர்ல புள்ளி புள்ளியாத் தெரியாது. ரெசிஸ்டர் காலுக்கு மறக்காம ஸ்லீவ் போட்டேன்.

என் வண்டி டயலுக்குப் பின்னாடி கலர் ஃபில்டர் எதுவும் இல்லை, அதனால அம்பர் சரிப்பட்டுது. உங்களுக்குப் பச்சை ஃபில்டர் இருந்தா பச்சை எல்இடிதான் போடணும், அம்பர் போட்டா கிணத்துல போட்ட கல்லு. எச்சரிக்கை விளக்குகள் எதையும் தொடலை. பிரைட் விளக்குக்கு மட்டும் புது பல்பு.

அன்னிக்கு ராத்திரி அப்பாவை உக்கார வெச்சு ஏரி ரோட்டுல ஒரு ரவுண்டு போனேன். அவர் ஒண்ணும் சொல்லலை. திரும்பி வரும்போது, "அந்த முனையில நாய் படுத்திருக்கு, பார்த்து ஓட்டு"ன்னார். எனக்கும் முன்னாடியே நாய் தெரிஞ்சுடுச்சு.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி வண்டியை ஒரு இருட்டான இடத்துல, எதிர்ல யாரும் வராதப்போ நிறுத்துங்க. லைட்டைப் போட்டு, பிரைட்டுல வைங்க. கண்ணை மூடி இருபது எண்ணிட்டுத் திறங்க. ரோட்டைப் பார்த்தபடியே, ஓரக்கண்ணுல அந்த நீலப் புள்ளி தானா வந்து உறுத்தணும். வலது பக்கக் கண்ணாடிக்குள்ள மீட்டர் வெளிச்சம் பிரதிபலிக்காம சைடு மிரர் தெரியணும். ரெண்டும் நடந்தா உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகலை, தூங்குங்க. நடக்கலைன்னா இந்த ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.

பி.கு: அந்த அம்மாவை போன வாரம் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு கிட்ட பார்த்தேன். முட்டி ஆறிடுச்சாம், ஆனா ராத்திரியில அந்த ஏரி ரோட்டுல இப்ப வர்றதில்லையாம், சுத்திக்கிட்டு மெயின் ரோட்டுலயே வர்றாங்களாம். என்னால ஒருத்தர் தினம் சுத்திப் போறாங்க. கெத்து காட்டினதுக்கு இதான் பில்லு.